பாட்டனார் கோல்

செயலொன்றைத் தொடங்குவோர் முன்னதாக எண்ணித் தெளிதற்குரியன ஐந்து என வகுத்த வள்ளுவர், அவ்வைந்தனுள் கருவியை இரண்டாவதாக வைத்தார். அக்குறளுக்கு உரையெழுதித் தேர்வில் நன்மதிப்பெண் பெற்றோருள் யாமும் ஒருவர். ஆயினும் அதன் பொருளை யாம் உள்ளபடி உணர்ந்தது வகுப்பறையில் அன்று. அமெரிக்க நாட்டின் மேலைக் கடலோரத்து ஆரிகன் மாநிலத்தில், நார்த் அம்ப்குவா என்னும் ஆற்றங்கரையில் ஆகும். அவ்வுணர்வுக்கு விலையாக ஓர் உயிர் போயிற்று. அதனை மறைத்து வைத்தல் தகாது என்று கருதியே இதனை எழுதத் துணிந்தோம்.

எம் தாய்மாமன் அம்மாநிலத்தில் பல்லாண்டுகளாக மருத்துவத் தொழில் புரிந்து வருகிறார். சென்ற கோடை விடுமுறையில் எம்மைத் தம்மிடம் வரவழைத்தார். யாம் புறப்படுமுன் எம் பாட்டியார், பரண்மேலிருந்து நீண்ட தகரக்குழல் ஒன்றை இறக்குவித்து, "இதை உன் மாமனிடம் சேர்த்துவிடு, அவன் அப்பாவின் பொருள்" என்றார். அதனுள் இருந்தது ஒரு தூண்டிற்கோல்.

எம் பாட்டனார் நீலகிரியில் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கராக இருந்தவர். தோட்டத்துரை தம் நாட்டுக்கு மீண்டபோது நினைவுப் பொருளாக அவருக்கு அளித்துச் சென்ற கோல் அது. மூங்கிலை ஆறு பட்டைகளாகப் பிளந்து, சீவி, ஒன்றோடொன்று பொருந்த ஒட்டி, இடையிடையே பட்டுநூல் சுற்றிச் செய்தது. ஏழரை அடி நீளமுடையதாயினும் கையில் எடுத்தால் எழுதுகோல்போல் இலேசாக இருந்தது. ஞாயிறு ஒழிந்த விடுமுறை நாள்களில் பாட்டனார் அதனைத் தோளிற் சாய்த்துக்கொண்டு அவலாஞ்சிப் பக்கத்து ஓடைகளுக்குச் சென்று ட்ரவுட் மீன் பிடிப்பாராம். யாம் பிறப்பதற்கு முன்னரே அவர் இறந்துபோனார். ஆகவே அக்கோலின் கைப்பிடியில் அவர் கைபட்டுக் கறுத்திருந்த இடத்தை யாம் பலமுறை தொட்டுப் பார்த்தோம்.

ஈண்டு ஒரு செய்தி கூறுதல் வேண்டும். ட்ரவுட், நீலகிரிக்கு இயல்பாய் உரிய மீனன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் அதனை வருவித்து, அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்து, அம்மலை நீர்களில் விட்டனர். அங்கே நிலைத்தது ரெயின்போ ட்ரவுட் என்னும் வகை. அதன் தாயகம் வடபசிபிக் கடலைச் சூழ்ந்த நிலங்களின் ஆறுகளே. அவ்வினத்து மீன்களுட் சில, பிறந்த ஆற்றிலேயே வாழ்ந்து முடியும். வேறு சில, ஓரிரண்டு ஆண்டு ஆற்றில் வளர்ந்தபின் கடலுக்குச் சென்று, அங்கே ஓராண்டு முதல் மூன்றாண்டுவரை இருந்து பெருத்து, பிறந்த ஆற்றைத் தேடி மீளும். இவ்வாறு கடல் சென்று மீள்வதையே ஸ்டீல்ஹெட் என்று வழங்குவர். உடம்பு வெள்ளி, தலையும் முதுகும் எஃகின் நிறம். நீலகிரி ஓடையில் ஒரு சாணளவில் நிற்கும் மீனும், எட்டு ராத்தல் எடையுடன் கடலினின்று ஏறிவரும் மீனும் ஓரினத்தவையே என்பதனை அறிந்தபோது எமக்கு உண்டான வியப்பு சிறிதன்று. எம் பேதைமைக்கும் அதுவே வித்தாயிற்று. 'மீன் ஒன்றாயின் கோலும் ஒன்றே அமையும்' என்று எண்ணிவிட்டோம்.

மாமா அக்குழலைத் திறந்து கோலை எடுத்தபோது சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு அதன் மூன்று பகுதிகளையும் பொருத்தி, வீட்டுப் புல்வெளியில் நின்று மெல்ல வீசிப் பார்த்தார். "அப்பா வீசும்போது நூல் ஓசையின்றி விழும்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் முதல் அவர் எமக்கு ஈத்தூண்டில் வீசக் கற்பித்தார். இவ்வித்தையை அறியாதார் பொருட்டு அதன் இயல்பைச் சுருங்கச் சொல்வோம். நம் ஊர்க் குளங்களில் இடும் தூண்டிலில் புழுவின் எடையும் ஈயக்குண்டின் எடையும் நூலை இழுத்துச் செல்லும். ஈத்தூண்டிலிலோ இரை என்பது இறகும் மயிரும் கொண்டு முள்ளின்மேல் கட்டிய ஒரு பொய்யீ. அதற்கு எடையே இல்லை எனலாம். ஆதலின் நூலையே தடிப்பாகச் செய்து, அந்நூலின் எடையால் ஈயைச் செலுத்துகின்றனர். கோல் பின்னே வளைந்து முன்னே நிமிரும்போது நூல் காற்றில் ஒரு வளையமாக விரிந்து செல்லும். ஈ அதன் கடைசியில் தொற்றிக்கொண்டு போகும். நூலின் முதல் முப்பதடியின் எடையைக் கொண்டு நூலுக்கும் கோலுக்கும் எண் குறிப்பர். நான்காம் எண் நூலுக்கு அவ்வெடை 120 கிரெயின். எட்டாம் எண்ணுக்கு 210. எண் பொருந்தாவிடில் கோல் வளையாது, அன்றி அளவிறந்து வளையும்.

பாட்டனார் கோல் நான்காம் எண்ணுக்கு உரியது. மாமா ஸ்டீல்ஹெட்டுக்கு வைத்திருந்தவை இரண்டு. ஒன்று, பத்தடி நீளமும் எட்டாம் எண்ணும் உடைய கார்பன் இழைக் கோல். மற்றொன்று, இரு கையாலும் பிடிக்கும் பதின்மூன்றடிக் கோல். இது ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றங்கரையில் தோன்றிய முறையைச் சார்ந்தது. பின்னே மரங்கள் நெருங்கி நூலைப் பின்னோக்கி வீச இடமில்லாத கரைகளுக்கு ஏற்றது. இவையன்றி, ஓடும் மீனுக்கு இறுக்கம் குலையாமல் நூல்விடும் பெரிய ரீல், அதனுள் முதன்மை நூலுக்குப் பின் நூற்றைம்பது கசம் மெல்லிய துணைநூல், பத்து ராத்தல் இழுவை தாங்கும் நுனியிழை, அடியில் உலோகக் குமிழ் பதித்த காலணி என அவர் ஒவ்வொன்றாக எடுத்துவைத்து விளக்கினார். யாமும் விரிவுரை கேட்கும் மாணவர் முகத்தோடு தலையசைத்தோம்; நெஞ்சமோ மூங்கிற் கோலிலேயே நின்றது.

"மாமா, பாட்டாவின் கோலைக் கொண்டே நான் பிடிக்க வேண்டும்" என்றோம்.

"தம்பி, அது ஓடைக்குச் செய்தது. இந்த ஆற்று மீனுக்கு அது போதாது."

"ஒடிந்துவிடுமா?"

"கோல் ஒடியும் என்று நான் சொல்லவில்லை" என்றார் மாமா. யாம் அச்சொல்லின் பொருளைக் கேட்டறியாமல் மேலும் வற்புறுத்தினோம். தந்தையின் கோலை ஒருமுறையேனும் ஆற்றில் காண அவர்க்கும் ஆசை இருந்ததுபோலும், ஈற்றில் இசைந்தார். நான்காம் எண் நூலுடன் சிறு ரீல் ஒன்றைப் பொருத்தி, அம்மெல்லிய கோலுக்கு ஏற்ப ஐந்து ராத்தல் இழுவை தாங்கும் நுனியிழையைக் கட்டித் தந்தார்.

ஜூலை முதல் வாரத்தில் ஆற்றுக்குச் சென்றோம். நார்த் அம்ப்குவா, காஸ்கேட் மலைத்தொடரில் பிறந்து மேற்கு நோக்கி ஓடி, ரோஸ்பர்க் நகருக்கு அருகே தென்கிளையோடு கூடிப் பசிபிக் கடலை அடைகிறது. அதன் மேற்பகுதியில் ஏறக்குறைய முப்பது மைல் தொலைவு, 1952 முதல் ஈத்தூண்டிலுக்கே உரியதாக ஒதுக்கப்பட்டுள்ளது. பச்சைக் கண்ணாடி போன்ற நீர். அடியில் படிக்கட்டுப்போல் அடுக்கிய கரும்பாறை. கரையில் ஓங்கிய மரங்களுட் பல கரிந்த தூண்களாக நின்றன. 2020 செப்டம்பரில் ஆர்ச்சி சிற்றாற்றுப் பெருந்தீ அப்பள்ளத்தாக்கை எரித்துச் சென்றதன் அடையாளம் அது. மறு ஆண்டிலேயே, கோடையில் ஆறேறி வரும் ஸ்டீல்ஹெட்டின் தொகை மிகக் குன்றியமையால், 2021 ஆகஸ்டு முதல் நவம்பர் இறுதிவரை அவ்வாற்றில் மீன்பிடித்தலையே மாநில அரசினர் நிறுத்திவைத்தனர் என்று மாமா கூறினார். பொரிப்பகத்திற் பிறவாது ஆற்றிலேயே பிறந்த ஸ்டீல்ஹெட்டைக் கோடையில் பிடித்தால், உயிரோடு விட்டுவிடல் வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். முள்ளிலும், மீனின் வாயிற் சிக்கிக் கழலாதபடி பின்னோக்கி நிற்கும் எதிர்க்கூர் இருத்தலாகாது.

கோடை ஸ்டீல்ஹெட்டின் வாழ்க்கை வியத்தற்குரியது. வரும் பனிக்காலத்தின் கடைசியிலும் வேனிலின் தொடக்கத்திலும் முட்டையிடுதற்கு, ஆறேழு திங்கள் முன்னரே அது ஆற்றுக்கு வந்துவிடும். அதுகாறும் பெரும்பாலும் உண்ணாது. கடலில் தேடிவைத்த கொழுப்பே அதன் கட்டுச்சோறு. வேறு பசிபிக் சால்மன்கள் ஒருமுறை முட்டையிட்டு இறந்துவிட, இவற்றுட் சில மீண்டும் கடல் சென்று மறுமுறையும் ஆறேறி வரும். உண்ணாத மீன் பொய்யீயைக் கவ்வுவானேன் என்று வினவினோம். "குஞ்சாக இருந்தபோது இதே ஆற்றில் ஈ பிடித்துத் தின்ற நினைவு என்று கிழவர்கள் சொல்வார்கள்" என்றார் மாமா.

ஆற்றுக்குக் குறுக்கே சற்றுக் கீழ்நோக்கி வீசி, நீரோட்டம் ஈயை வில்வடிவில் கரைப்பக்கம் கொண்டுவரும்வரை காத்து, இரண்டடி கீழே நகர்ந்து, மீண்டும் வீசுதல், இதுவே முறை. ஆயிரம் வீச்சுக்கு ஒரு மீன் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. இரண்டு நாள் வைகறையிலும் அந்தியிலும் வீசினோம்; ஒன்றும் தொடவில்லை. மூன்றாம் நாள் நண்பகல் கடந்ததும், "வெயில் ஏறிவிட்டது, நீரும் வெதும்புகிறது, மாலையில் வரலாம்" என்றார் மாமா. "இன்னும் பத்து வீச்சு" என்று யாம் கெஞ்சினோம். ஏழாம் வீச்சிலோ எட்டாம் வீச்சிலோ, கரையை அணுகிய ஈயின்மேல் நீர் ஒருமுறை குமிழ்ந்தது. கோல் எம் கையில் வில்லாய் வளைந்தது.

அப்போது எமக்கிருந்த களிப்பை மறைப்பதற்கில்லை. மீன் நீரைக் கிழித்து இருமுறை துள்ளியது. பாட்டனார் கையின் கறை படிந்த இடத்தில் எம் கை இருந்தது. தோட்டத்துரையும் கணக்கரும் கனவிலும் கண்டிராத மீனை அவர்கள் கோல் பிடித்துவிட்டது என்று எம் மனம் ஆரவாரித்தது. மீன் நீரோட்டத்தோடு கீழே ஓட, யாமும் பாறைமேல் வழுக்கி வழுக்கிப் பின்தொடர்ந்தோம். கால் மணி சென்றது. அரை மணி சென்றது. கோலுக்கு மீனைத் திருப்பும் வலியில்லை. இழைக்கு இறுக்கிப் பிடிக்கும் உறுதியில்லை. அறுந்துவிடுமோ என்று அஞ்சி யாம் நூல்விட, மீன் மேலும் மேலும் ஓடியது. நாற்பது நிமிடத்திற்குப் பின் மாமா, "தம்பி, இழையை அறுத்துவிடு" என்றார். யாம் கேளாதவர்போல் இருந்தோம். அவர் மறுமுறையும் சொன்னார். "இதோ வந்துவிட்டது மாமா" என்றோம். மெய்யாகவே வந்துகொண்டுதான் இருந்தது. எதிர்த்து வரவில்லை, மிதந்து வந்தது.

ஏறக்குறைய இரண்டே கால் அடி நீளம். சிறிய வாயும் உருண்ட தலையும் கண்டு, "பெண்மீன்" என்றார் மாமா. முள் தொட்டவுடன் கழன்றது. மாமா முழங்காலளவு நீரில் இறங்கி, அதன் வாலை ஒரு கையாலும் வயிற்றை மறு கையாலும் தாங்கி, நீரோட்டத்தை எதிர்நோக்கப் பிடித்தார். செவுள் ஒருமுறை திறந்தது. நெடுநேரம் கழித்து மற்றொருமுறை திறந்தது. யாம் அருகே நின்று, அது வாலை உதறிப் போகும் நொடிக்காகக் காத்திருந்தோம். அரை மணி நேரம் அவர் குளிர்நீரில் அசையாது நின்றார். பின்பு மெல்லக் கையை விட்டார். மீன் ஒருபுறம் சாய்ந்து, வெண்வயிறு மேலாகத் திரும்பி, பச்சை நீருக்குள் சுழன்று இறங்கியது.

"எடுத்துக்கொண்டு போகலாமே மாமா, வீணாகப் போகிறதே" என்று, சொல்லும்போதே நாணினோம்.

"எடுக்கக்கூடாது. செத்தாலும் ஆற்றுக்கே உரியது" என்றார் அவர். அதற்குமேல் எம்மைக் கடியவில்லை. கடிந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றிரவு உணவுக்குப் பின் மாமா, மருத்துவர் நோயை விளக்குவதுபோல் எமக்கு விளக்கினார். நெடுநேரம் போராடும் மீனின் தசையில் அமிலம் பெருகிக் குருதியைக் கெடுக்கும். இளைப்பாறுதற்கு மிக்க உயிர்க்காற்று வேண்டும். நீர் வெதும்பினாலோ அதிற் கரைந்துள்ள உயிர்க்காற்று குறையும். ஆகவே கோடைப் பகலில் மெலிந்த கோலால் நெடுநேரம் ஆடவைத்துப் பிடித்தல், கொல்வதற்குரிய வழியே ஆகும். எட்டாம் எண் கோலாயின் பத்து நிமிடத்தில் கரை சேர்த்து, நீரைவிட்டு எடுக்காமலே முள்ளைக் கழற்றி விட்டிருக்கலாம். "மெல்லிய கோலால் பெரிய மீனைப் பிடிப்பதை வீரம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வீரத்துக்கு மீன்தான் விலை கொடுக்கிறது" என்றார்.

முதல்நாள் யாம் தலையசைத்துக் கேட்ட கருவிகள் அவ்வளவும் இப்போது எமக்கு வேறாகத் தோன்றின. அவை மீனைத் தப்பவிடாமல் பிடிப்பதற்கென்றே அன்று எண்ணியிருந்தோம். வலிய கோல், போராட்டத்தைக் குறுக்குதற்கு. பத்து ராத்தல் இழை, அஞ்சாமல் இறுக்கிப் பிடித்தற்கும், அறுந்துபோன இழையை மீன் வாயில் சுமந்து திரியாமைக்கும். எதிர்க்கூரில்லா முள், புண் பெரிதாகாமல் கழற்றுதற்கு. முடிச்சில்லாத ரப்பர் வலை, உடம்பின் மேலுள்ள வழுவழுப்பையும் செதிலையும் உரசிப் போக்காமைக்கு. சட்டைப்பையில் கிடந்த சிறு வெப்பமானி, மீன் பிடிப்பதற்கன்று. பிடியாமல் வீடு திரும்ப வேண்டிய வேளையை அறிதற்கு. நீரின் வெப்பம் செல்சியஸ் இருபது பாகையை அணுகினால் கோலை மடக்கிவிடுவது மாமாவின் வழக்கம். குமிழ் பதித்த காலணி ஒன்றே நமக்காக; அதுவும் மீன் ஓடும் திசையில் வழுக்காமல் தொடர்ந்து சென்று விரைவில் முடித்தற்கு உதவுவது. தூண்டிலின் ஒரு முனை நம் கையில் உள்ளது. மறுமுனை வேறோர் உயிரின் வாயில் உள்ளது. கருவியைத் தேர்வோர் அம்மறுமுனையிலிருந்து எண்ணத் தொடங்குதல் வேண்டும் என்பதே யாம் கற்ற பாடம்.

எம் பிழை கோலின்மேல் வைத்த அன்பன்று. அவ்வன்புக்கு இடமல்லாத இடத்தில் அதனைக் கொண்டு சென்றதே. பாட்டனார் தம் கோலை அவ்வாற்றிற்குக் கொண்டுவந்திருக்க மாட்டார். ஓடையையும் அதில் நிற்கும் மீனையும் அவர் அறிந்திருந்தார்; யாமோ அவர் கோலை மட்டுமே அறிந்திருந்தோம். முன்னோர் விட்டுச்சென்ற பொருளைப் போற்றுகின்றேம் என்ற பெருமிதத்தில், அவர் போற்றிய அறிவை விட்டுவிட்டோம். அந்தப் பெண்மீனின் வயிற்றில், வரும் வேனிலில் இடுதற்குச் சில ஆயிரம் முட்டைகள் முதிரவிருந்தன. தீயும் வறட்சியும் வந்துபோன ஆற்றில், கடலையும் கடந்து வந்த அது, எம் செருக்கினைக் கடக்கவில்லை.

எஞ்சிய நாள்களில் எட்டாம் எண் கோலையே கையாண்டோம். அது கனமாக இருந்தது; முதல்நாள் முடிவில் தோள் வலித்தது. அதில் யாருடைய கைக்கறையும் இல்லை. ஐந்து நாள் வீசியும் மீன் ஒன்றும் தொடவில்லை. ஊர் திரும்புவதற்கு முன்னாள் வைகறையில், பாறையிடுக்கின் ஓரமாக ஈ திரும்பும்போது ஒரு மீன் கவ்வியது. கோலை உயர்த்தி உறுதியாகப் பிடித்தோம். அது ஒருமுறை ஓடிற்று, திரும்பிற்று, மூன்று நிமிடத்திற்குள் கரையருகே வந்து, வாயைத் திறந்து தலையை உதறியது. எதிர்க்கூர் இல்லாத முள் கழன்று நூல் தளர்ந்தது. வெள்ளிநிறம் ஒன்று நீரடியில் விரைந்து மறைந்தது.

"தப்பிவிட்டதே!" என்று மாமா சிரித்தார். யாமும் சிரித்தோம். எமக்குக் குறையொன்றும் தோன்றவில்லை.

புறப்படும் அன்று மாமா, மூங்கிற் கோலைத் துடைத்து, பட்டுக்கட்டுகளுக்கு மெருகெண்ணெய் பூசி, தகரக்குழலில் இட்டு மீண்டும் எம் கையிலேயே தந்தார். "இது அங்கேதான் இருக்க வேண்டும். நீலகிரி ஓடைக்கு உரிமம் வாங்கி ஒருநாள் கொண்டு போ. அங்கே மீன் சிறியது, அதற்கு இது போதும்" என்றார். அக்கோல் இப்போது எம் விடுதியறையில் நூலடுக்கின் பக்கத்தே சாய்ந்திருக்கிறது. வரும் விடுமுறையில் அவலாஞ்சிக்குப் போக எண்ணியுள்ளோம். முள்ளின் எதிர்க்கூரை இடுக்கியால் நசுக்கிவைத்துவிட்டோம். வெப்பமானி ஒன்றும் வாங்கியுள்ளோம்.